ஒரு டா, மூணு டி

"இனிமேல் என் போன் அடித்தால், கூப்பிடுவது யாரென்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்!"

இப்படி ஒரு சபதம் எடுத்தார் நம் கண்ணாடிக்காரர். மனைவி அடுத்த அறையில் இருந்ததால் உரக்க எடுக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார். வீரத்தை எல்லா இடத்திலும் காட்டிவிட முடியாது. குடும்பஸ்தன் கொஞ்சம் இடம் பார்த்துத்தான் காட்ட வேண்டும்.

சபதத்துக்குக் காரணம், அன்று காலையில் நடந்த ஒரு விபத்து. போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போயிருந்தார். அது அடித்தது. அவர் மனைவி தையல்காரம்மா அடுப்படியில் நின்றபடியே, தலைகீழாகக் கிடந்த திரையைப் படித்துவிட்டார்.

"என்னங்க! வீட்டுத் தரகர் கூப்பிடறாரு!"

கண்ணாடிக்காரர் வாயெல்லாம் நுரையோடு ஓடிவந்தார். "நான் எடுக்கறேன், நான் எடுக்கறேன்!"

"துப்பிட்டு வாங்க முதல்ல. நான் ரெண்டு வார்த்தை பேசினா வீடு ஓடியா போயிடும்?"

அவருடைய பயமே வேறு. இந்த அம்மா ரெண்டு வார்த்தை பேசினால் வீடு ஓடாது, கையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கும். அந்தச் சாமர்த்தியம் அவருக்குத் தெரியும். அதனால்தான் போனைப் பிடுங்கி, நுரையோடு "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. கட்டின நாளிலிருந்து அதற்குள் துடைப்பமும் பெயின்ட் டப்பாவும்தான் குடித்தனம் நடத்துகின்றன. தையல்காரம்மாவிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் அத்தனை படியும் ஏறி வர வேண்டும். வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, எதற்கு வந்தோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் அளவு கொடுப்பார்கள். ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து ஓர் அறை இருக்கிற வீடு வேண்டும் என்று அந்த அம்மா ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரருக்கோ தரைத்தளம் என்றாலே ஆகாது. பகலெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைக்கிற மனிதர் அவர். வேலை விட்டு வந்தால் பால்கனியில் ரேடியோ பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை அது. முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து மோர்ஸ் தட்ட, இவர் இங்கே உட்கார்ந்து பதில் தட்டுவார். மோர்ஸில் எழுத்தெல்லாம் சத்தம்தான். குட்டைச் சத்தத்துக்கு டி, நெட்டைச் சத்தத்துக்கு டா. இதை வைத்துக்கொண்டு இவர் உலகத்தில் பாதிப் பேரிடம் நலம் விசாரித்திருக்கிறார். தலைக்கு மேலேயே மொட்டைமாடி இருந்ததால் ஆண்டெனாக் கம்பத்தை ஜம்மென்று நட்டுவைத்திருந்தார். கீழே போனால் கம்பத்தை எங்கே நடுவது? எந்த வீட்டுக்காரன் மாடியைத் தருவான்? வீடு மாறினால் ரேடியோவுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று அவர் தீர்மானமாக நம்பினார்.

அதனால், "தரகர் கூட அலையறதெல்லாம் உனக்கு எதுக்குக் கண்ணு? நான் பார்த்துக்கறேன்" என்று பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டார். தரகர் வீடு வீடாகச் சொல்வார். இவர் வேண்டாம் வேண்டாம் என்பார். மனைவியிடம், "ஊர்ல தரைவீடே இல்லையாம் கண்ணு" என்பார். ஏற்பாடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாழாய்ப்போன திரைதான் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

திரையை ஒழித்துக்கட்ட அவர் கண்டுபிடித்த வழி மோர்ஸ்.

அன்று சாயங்காலமே பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது மோர்ஸாக ஒலிக்கும். அந்த ஒலியைச் சேமித்து, போனில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி அழைப்பு மணியாக வைத்துவிடலாம். கேட்க எளிது. உட்கார்ந்தால்தான் தெரியும் அதன் அருமை. சத்தம் உச்சத்தில் இருந்தால் காது கிழிகிறது. இறக்கினால் தவளை கத்துகிறது. வேகமாக ஓட்டினால் கிளிக்கு விக்கல் வந்த மாதிரி இருக்கிறது. நடுவாக ஒரு குரல் பிடித்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை விட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டுமே! வில்லை அரைக்கிறபோது கூட முகத்தில் அந்த அக்கறை இருக்காது.

கடை முதலாளிக்கு எம் என்ற எழுத்து. அது ரெண்டு நெட்டை: டா டா. முதலாளி கூப்பிட்டாலே போன் "டாட்டா" சொல்லிவிடும். மாமியாருக்கு எழுத்து போதவில்லை. 'வீட்டில் யாரும் இல்லை' என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமே வைத்தார். அது ஒலித்து முடிவதற்குள் அழைப்பே நின்றுவிடும். தரகர், அதாவது புரோக்கருக்கு பி. ஒரு டா, மூணு டி. மனைவிக்கு என்ன வைப்பது என்று யோசித்தார். விரல் தானாகவே போய் மூணு டி, மூணு டா, மூணு டி என்று தட்டிவிட்டது. கேட்டுப் பார்த்தார். பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி போன் அடித்தால் அதை வெளியே எடுக்கவே வேண்டாம். சட்டைப்பையில் கிடந்தபடி அது சொல்லும். காதில் மாட்டிய கருவியை ஒரு தட்டுத் தட்டிப் பேசிக்கொள்ளலாம். திரையை யாரும் பார்க்க முடியாது. அவரும் பார்க்க மாட்டார்.

முதல் சில நாள் வீடு அமர்க்களப்பட்டது. முதலாளி கூப்பிட்டால் தையல்காரம்மா ஓடிப்போய்த் துணி துவைக்கிற மிஷினைத் திறப்பார். மாமியார் கூப்பிட்டால், தெருவில் லாரி பின்னால் வருகிறது என்று ஜன்னலைச் சாத்துவார். அப்புறம் விஷயம் புரிந்தது.

"இது என்னங்க, நாள் முழுக்க டி, டா, டி, டான்னு! என்னைப் பார்த்து ஒரு தடவையாவது டி போட்டுக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"ஐயையோ, உன்னைப் போயா கண்ணு!"

"வராது. தைரியம் வராது. அதான் பெட்டிகிட்ட சொல்லித் தீர்த்துக்கறீங்க."

"மோர்ஸ்ங்கறது ஒரு மொழி கண்ணு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சத்தம்."

"அப்படியா? எனக்கு என்ன சத்தம்?"

சொல்லி முடிப்பதற்குள் தன் போனை எடுத்துக் கூப்பிட்டே விட்டார். கண்ணாடிக்காரரின் சட்டைப்பை டிடிடி, டா டா டா, டிடிடி என்றது.

"அட, இது நல்லா இருக்கே! ஏறி, நின்னு, இறங்குது. என்ன அர்த்தம்?"

"கப்பல் மூழ்கறப்போ அடிக்கறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கண்ணாடிக்காரர்.

தையல்காரம்மா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். "நான் கூப்பிட்டா உங்களுக்குக் கப்பல் மூழ்கற மாதிரி இருக்கு?"

"இல்லை கண்ணு! இல்லவே இல்லை! மூழ்கறவன் யாரைக் கூப்பிடுவான்? காப்பாத்தற ஆளைத்தானே? என்னைக் காப்பாத்தற ஆளு யாரு? நீதானே!"

அந்த அம்மா அவர் காதையே பார்த்தார். "பொய் சொன்னா உங்க காது சிவக்கும். இப்ப பாதிதான் சிவந்திருக்கு. போங்க."

பாதிதான் பொய் அது. ஒரு தடவை கடையில் ஒரு பெரிய மனுஷர், புதுக் கண்ணாடி போட்டால் தரை சாய்ந்து தெரிகிறது, வில்லையைத் தப்பாக அரைத்துவிட்டான் என்று கத்திக் கூட்டம் கூட்டிவிட்டார். முதலாளி இவரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவே பண்ணிவிட்டார். சாப்பாடு கொடுக்க வந்த தையல்காரம்மா பெரிய மனுஷரை ஒரு பார்வை பார்த்தார். "ஐயா, நீங்க கண்ணாடியோட ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?" என்று கேட்டார். படுப்பாராம். கோணிப்போயிருந்த கண்ணாடிக் காம்பை விரலால் இப்படி ஒரு வளை வளைத்து மாட்டிவிட்டார். தரை நேராகிவிட்டது. இப்படி எத்தனையோ. தன் மனைவியைப் போல ஒரு கெட்டிக்காரி பிறந்ததும் இல்லை, பிறக்கப்போவதும் இல்லை என்பதில் கண்ணாடிக்காரருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. அவளிடம் எதையாவது மறைக்க வேண்டியிருக்கிறபோதுதான் அந்தப் பெருமை அவருக்குக் கிலியாக மாறும்.

ஒரு விடுமுறை நாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி, உடுப்புகளைத் தளர்த்தித் தைக்கக் கொடுக்க வந்தாள். மூன்றாவது மாடி வரைக்கும் ஏறியவள், அதற்குமேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே ஓடினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப்போக, மாடிப்படியில் நிற்கவைத்தே அளவு எடுத்தார். கண்ணாடிக்காரர் கைப்பிடியில் சாய்ந்து எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை வேற இடம் பார்த்துக்கறேன்க்கா. கோவிச்சுக்காதீங்க" என்றாள் டீச்சர்.

"இதுல கோவம் என்னம்மா இருக்கு? உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார் தையல்காரம்மா. வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

"என்னங்க, இதை வித்துடலாமான்னு பார்க்கறேன்."

"எதை?"

"மிஷினைத்தான். வர ஆளே இல்லை. எனக்கு ஒண்ணும் அரண்மனை வேண்டாம். தெருவோரமா ஒரு ரூம் போதும். அது கூட இந்த ஊர்ல கிடைக்கலைன்னா என்ன பண்றது?"

அந்த மிஷின் இல்லாமல் அந்த அம்மாவைக் கண்ணாடிக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பை அடித்தது. ஒரு டா, மூணு டி.

"இங்க சிக்னல் சரியில்லை" என்று பால்கனிக்கு நழுவினார்.

"சார், லட்டு மாதிரி ஒரு வீடு சார்!" என்றார் தரகர். "தரைவீடு. தெருவைப் பார்த்து ரூம். ஜன்னல் மட்டும் இத்தாம் பெரிசு."

"தரை ஈரம் இருக்குமே?"

"எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு சார்."

"கொசு?"

"கொசுவே கிடையாது சார்."

"பார்த்தீங்களா! கொசுவே இல்லாத வீட்ல மனுஷன் எப்படிய்யா இருப்பான்? அங்க என்னமோ கோளாறு இருக்கு. வேண்டாம்."

எதிர்முனையில் தரகர் விட்ட பெருமூச்சு பால்கனி முழுக்கக் கேட்டது. கண்ணாடிக்காரருக்கும் உள்ளுக்குள்ளே குறுகுறுத்தது. நிமிர்ந்து ஆண்டெனாக் கம்பத்தை ஒரு தரம் பார்த்தார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாருங்க?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"முதலாளி. நாளைக்குச் சீக்கிரம் வரணுமாம்."

"ஓ" என்றார் அவர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் போனை மேசைமேல் தைரியமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நிம்மதியாகக் குளித்தார். பாட்டுக் கூடப் பாடினார். போன் அடித்தாலும் யாருக்கு என்ன புரியப்போகிறது?

கடைக்கு வந்து வேலையில் உட்கார்ந்தார். வில்லை அரைக்கிற கல் சுற்றும்போது மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ரெண்டு கையும் ஈரம். கண் வில்லையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் ஓரம் பெயர்ந்துவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க முடியுமா? மோர்ஸ் மட்டும் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று அவர் நினைத்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பை அடித்தது. ஒரு டா, மூணு டி.

மணிக்கட்டால் காதுக்கருவியைத் தட்டினார்.

"தரகரே! தரைவீடுன்னு இனிமே பேச்சே எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? என் சம்சாரம் காதுல மட்டும் விழுந்துதுன்னு வைங்க, ஒரே நாள்ல வீட்டைப் பேசி முடிச்சு, பாலும் காய்ச்சிடுவா. அப்புறம் என் ஆண்டெனா கதி? அவ சாதாரணப்பட்ட ஆள் இல்லைய்யா, மகா கெட்டிக்காரி! அவகிட்ட மறைச்சு இத்தனை நாள் ஓட்டறதே பெரிய வித்தை. மூச்சு விடாதீங்க, என்ன?"

"தரகரே? ஹலோ?" என்றார். எங்கோ கடகடவென்று ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரயிலில் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம் கழிந்தது. தடித்த வில்லை ஒன்று கல்லின்மேல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் சட்டைப்பை. டிடிடி, டா டா டா, டிடிடி. கப்பல் மூழ்குகிறது!

மனைவி கூப்பிட்டால் பேசுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் 'சரி கண்ணு' என்பார். அந்தப் பக்கம் மூச்சு வாங்கினால் இன்னொரு 'சரி கண்ணு'. நீண்ட நாளாக நடந்துவரும் முறை. ஒரு தடவையும் இடித்ததில்லை. அன்றைக்கும் கல் சுற்றுகிற இரைச்சலில் அந்தப் பக்கம் ஏதோ கரகரவென்று கேட்டதே தவிர, ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

"சரி கண்ணு."

கரகர.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு."

கரகர, கரகர.

"இதையெல்லாம் என்னைக் கேட்கணுமா? முடிச்சுடு கண்ணு."

பிறகு அந்தப் பக்கம் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு செருமல்.

"என்ன கண்ணு, தொண்டை கட்டியிருக்கு? குரலே ஆம்பளை மாதிரி இருக்கே. வெந்நீர் குடி. உடம்பைப் பார்த்துக்கோ. வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டு வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரம் அற்புதமாக வந்திருந்தது.

கடை சாத்துகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தையல்காரம்மா நேரிலேயே வந்து நின்றார். வெளியே போகிற உடுப்பில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா.

"கிளம்புங்க. முதலாளிகிட்ட சொல்லியாச்சு."

"எங்க கண்ணு? தொண்டை எப்படி இருக்கு?"

"என் தொண்டைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. வாங்க."

குரல் கணீரென்று இருந்தது. கண்ணாடிக்காரருக்கு அப்போதே எங்கோ இடித்தது. பின்னால் நடந்தார். தெரு முனை திரும்பியதும் ஒரு தாழ்ந்த வீடு. தெருவைப் பார்த்து ஓர் அறை. ஜன்னல் இத்தாம் பெரிசு. வாசலில் தரகர் நின்றுகொண்டிருந்தார். கட்டுமஸ்தான ஆள். மீசை இரண்டு கன்னத்தையும் தாண்டி நிற்கும். அந்த மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார்!" என்று இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருஷமா தரகு பண்றேன் சார்! எத்தனை பேர் திட்டியிருக்காங்க! என்னை யாருமே இதுவரைக்கும் கண்ணுன்னு கூப்பிட்டதில்லை சார். எங்கம்மா கூட 'டேய் தடியா'தான். நீங்க சொன்ன மாதிரியே வெந்நீர் குடிச்சேன் சார். தொண்டை இப்ப தேவலாம்."

கண்ணாடிக்காரர் போனை வெளியே எடுத்தார். பல நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டது தரகர். காலையில் கூப்பிட்டது மனைவி.

அப்படியென்றால் காலையில் ஓடியது ரயில் இல்லை. தையல் மிஷின்.

"கண்ணு..." என்றார். தரகரும் மனைவியும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்... நான் உங்ககிட்ட பேசலைய்யா!" என்று தரகரைப் பார்த்து அலறினார். "என் சம்சாரம்னு நினைச்சுக்கிட்டுச் சொன்னது அது! அதெல்லாம் செல்லாது!"

தரகரின் மீசை தொங்கிவிட்டது. தையல்காரம்மா மட்டும் நிதானமாக ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏங்க, எது செல்லாது? என்கிட்ட நீங்க சொல்ற சரி செல்லாதா?"

"சேச்சே, உனக்குச் சொன்னா செல்லும் கண்ணு. எப்பவும் செல்லும்."

"அப்போ, 'முடிச்சுடு கண்ணு'ன்னு எனக்குத்தான் சொன்னீங்க?"

"உனக்குத்தான்! சத்தியமா உனக்கேதான்!"

"சரி. நான் முடிச்சுட்டேன்."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தரகருக்குச் சொன்னேன் என்றால் தரகர் முடித்துவிட்டார். மனைவிக்குச் சொன்னேன் என்றால் மனைவி முடித்துவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு முடிந்திருந்தது. அட்வான்ஸ் மதியமே கொடுத்தாகிவிட்டது என்று தரகர் பணிவாகத் தெரிவித்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மனைவியைக் கேட்டார் கண்ணாடிக்காரர். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் ஆச்சரியமாக வந்துவிட்டது.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நாள் முழுக்க மிஷின் சத்தத்தோட குடித்தனம் பண்றவ நான். ஒரு டா, மூணு டி வந்தா நீங்க பால்கனி. நேத்து அதே வந்தது, முதலாளின்னு சொன்னீங்க. முதலாளிக்கு ரெண்டே டாதானே?"

"அது சரி. சத்தத்தை எப்படி மாத்தினே? போனுக்குள்ள எது யாரோடதுன்னு உனக்குத் தெரியாதே?"

"ஏன் தெரியாது? அடிக்கற சத்தத்தைத்தான் ரகசியமா வச்சீங்க. ஒவ்வொண்ணுக்கும் பேரு பச்சைத் தமிழ்ல போட்டிருந்தீங்களே! 'முதலாளி', 'தரகர்', 'கண்ணு'. நீங்க குளிச்சுப் பாடி முடிக்கறதுக்குள்ள, கண்ணை எடுத்துத் தரகருக்கு வச்சேன், தரகரை எடுத்து எனக்கு வச்சேன். ஆமா, எங்கம்மாவுக்கு ஏன் அவ்வளவு நீளம்?"

கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தரகர் வெந்நீர் சொல்லட்டுமா என்றார்.

"காலைல உங்க வாயாலேயே எல்லாம் கேட்டாச்சு" என்றார் தையல்காரம்மா. "சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டா வீடா கிடைக்கும்? தரகர் கூப்பிட்டா ஈரம், கொசுன்னு ஆயிரம் நொள்ளை சொல்வீங்க. நான் கூப்பிட்டா மட்டும் இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட மாட்டேன்னு சொன்னதில்லை. அதான், என் சத்தத்தை அவருக்குக் குடுத்துட்டு, உங்க போன்லேர்ந்து எடுத்த நம்பர்ல அவரைப் பிடிச்சு, உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

சொல்லிவிட்டு அந்த அம்மா அறைக்குள் போனார். அளவு நாடாவை எடுத்து ஜன்னலோரம் அளந்தார். மிஷின் இங்கே, வெட்டுகிற மேசை அங்கே, வருகிறவர்கள் உட்கார நாற்காலி வாசலுக்குப் பக்கத்தில். டீச்சரிடம் சொல்லியாகிவிட்டதாம், நாளைக்கே வருகிறாளாம். சாயங்கால வெளிச்சம் முகத்தில் விழ, அவர் அளந்துகொண்டே தனக்குள் சிரித்தார். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். ஒரு மனுஷி சந்தோஷமாக இருந்தால் எப்படி இருப்பாள் என்பதையே தான் மறந்துபோயிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடடா, என்ன மூளை, என்ன நிதானம்! தோற்றதற்குக்கூட ஒரு கர்வம் வந்துவிட்டது அவருக்கு. தன் ரேடியோ போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு ஓரத்தில் கொஞ்சம் வலித்தது.

"பெட்டியை யாருக்காவது குடுத்துடறேன் கண்ணு" என்றார், முடிந்தவரை சாதாரணமாக.

"எதுக்குக் குடுக்கணும்? இப்படி வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக மாடிக்கு ஏறினார். விசாலமான மொட்டைமாடி. ஓர் ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்ன அறை, அதில் மேசை போடுகிற அளவு இடம். பக்கத்தில் உயரமான கட்டடம் ஒன்றுகூட இல்லை. நாலு பக்கமும் வெறும் வானம். கம்பம் நடுவதற்கு ஒரு மூலையில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் கூடப் போட்டிருந்தது.

"மாடி முழுக்க உங்களுக்குத்தான். வீட்டுக்காரர்கிட்ட முதல்ல கேட்டதே அதைத்தான். கம்பம் நட்டுக்கலாம்னு சொன்ன அப்புறம்தான் ரூமையே பார்த்தேன்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டி, மறுபடி துடைத்தார். "நான் உன்கிட்ட மறைச்சேன். நீ எனக்காக மாடி கேட்டியா கண்ணு?"

"உங்களுக்காகத்தான்" என்றார் தையல்காரம்மா. "தரகரை இங்க நிக்க வச்சு, டி டான்னு தொண்டை கிழியக் கத்தச் சொல்லிட்டு, நான் கீழ ரூம்ல உட்கார்ந்து காது குடுத்துப் பார்த்தேன். ஒண்ணுமே கேட்கலைங்க. அப்புறம்தான் அட்வான்ஸே குடுத்தேன்."